லேப் சப்ளைஸ் டிஸ்ட்ரிபியூட்டர் கம்பெனியில ட்ரேட் கம்ப்ளையன்ஸ் வேலை: ஐட்டம் மாஸ்டர்ல இருந்து அஞ்சு வருஷ ஃபைல் வரைக்கும்

ட்ரேட் கம்ப்ளையன்ஸ், அதாவது இறக்குமதி ஏற்றுமதிய சட்டப்படி நடத்தற வேலை, இதுக்கு புதுசா வர்றவங்க எல்லாருக்கும் நான் மொதல்ல சொல்றது இதுதான், நாம எதையும் தயாரிக்கிறது இல்ல, ஆனா கஸ்டம்ஸ்கிட்ட போடற ஒவ்வொரு டிக்ளரேஷனுக்கும் பொறுப்பு நம்ம கம்பெனிதான். பீக்கரை ஜெர்மனிக்காரன் செஞ்சான், க்ளவுஸை மலேசியாக்காரன் செஞ்சான், பம்பை அமெரிக்காக்காரன் செஞ்சான், அதுக்குள்ள என்ன இருக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும், ஆனா கையெழுத்து நம்மளோடது. அதனால ட்ரேட் கம்ப்ளையன்ஸ்னா போர்ட்ல நடக்கற வேலைன்னு நினைச்சா தப்பாயிடும். முக்கால்வாசி வேலை பர்ச்சேஸ் ஆர்டர் போடறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும், சப்ளையர்கிட்டயும் கஸ்டமர்கிட்டயும் கேள்வி கேட்டு பதிலை எழுத்துல வாங்கி வெக்கறதுதான் அந்த வேலை.

நான் சென்னையில லேப் சப்ளைஸ் விக்கற ஒரு கம்பெனியில இந்த டெஸ்க்கை பாத்துக்கறேன். கண்ணாடி சாமான், பிளாஸ்டிக் சாமான், கெமிக்கல், சின்ன சின்ன மெஷின்னு இறக்குமதி பண்றோம், கொஞ்சம் இலங்கைக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பறோம். நீங்க ஹாஸ்பிட்டல் சப்ளைஸ், இண்டஸ்ட்ரியல் சப்ளைஸ் பக்கம் இருந்தாலும் வழி இதேதான், பொருள்தான் மாறும்.

படி 1: பதிவுகள் உயிரோட இருக்கான்னு பாருங்க

இத வேகமா சொல்லிடறேன். டிஜிஎஃப்டி (மத்திய அரசோட வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) குடுக்கற ஐஇசி, அதாவது இம்போர்ட்டர் எக்ஸ்போர்ட்டர் கோடு நம்பர் இல்லாம எதையும் இறக்கவும் முடியாது ஏத்தவும் முடியாது, ஜிஎஸ்டி வந்தப்புறம் கம்பெனியோட பான் நம்பரேதான் ஐஇசி. 2021ல இருந்து இதை வருஷா வருஷம் ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள ஆன்லைன்ல உறுதி பண்ணணும், ஒரு எழுத்துகூட மாறலைன்னாலும் உள்ள போயி கன்ஃபர்ம் பண்ணணும், இல்லன்னா டீஆக்டிவேட் ஆயிடும், அது சரக்கு துறைமுகத்துல வந்து நிக்கும்போதுதான் நமக்கு தெரியவரும். கஸ்டம்ஸோட ஐஸ்கேட் போர்ட்டல்ல பேங்கோட ஏடி கோடு (அந்நியச் செலாவணி பாக்கற பேங்க் கிளையோட நம்பர்) பதிவாகியிருக்கணும், ஏற்றுமதிய ஐஜிஎஸ்டி கட்டாம அனுப்பறதா இருந்தா ஒவ்வொரு நிதியாண்டுக்கும் எல்யூடி (வரி கட்டாம அனுப்பறதுக்கு குடுக்கற உறுதிமொழி) புதுசா போடணும். இந்த தேதிகளை எல்லாம் ஒருத்தர் மண்டையில வெக்காம காலண்டர்ல போட்டு ரெண்டு பேருக்கு ரிமைண்டர் வர்ற மாதிரி வைங்க.

படி 2: ஐட்டம் மாஸ்டர், வேலையோட இதயம் இதுதான்

ஒரு டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட ஆயிரக்கணக்குல ஐட்டம் கோடு இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல எச்எஸ்என் கோடு (பொருள் எந்த வகைன்னு சொல்ற நம்பர், எச்எஸ் கோடுன்னும் சொல்வாங்க), தயாரான நாடு, எந்த மெட்டீரியல், எதுக்கு யூஸ், என்ன லைசென்ஸ், அமெரிக்க பொருள்னா அதோட எக்ஸ்போர்ட் கண்ட்ரோல் நம்பர், இவ்வளவும் இருக்கணும். எச்எஸ் கோடு உலக சுங்க அமைப்பு போட்டது, மொதல் 6 டிஜிட் கிட்டத்தட்ட எல்லா நாட்டுலயும் ஒண்ணுதான், அதுக்கு மேல இந்தியாவுல 8, அமெரிக்காவுல 10 டிஜிட் வரைக்கும் போகும். அதனால சப்ளையர் இன்வாய்ஸ்ல இருக்கற 10 டிஜிட்டை பாத்து கடைசி ரெண்டை வெட்டிட்டு போட்டா அது நம்ம நாட்டு கோடு ஆகாது, நிறைய பேர் இத பண்றாங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க.

கோடு எப்படி முடிவாகுதுன்னு ரெண்டு மூணு உதாரணத்தோட சொன்னாதான் புரியும். லேப் கண்ணாடி சாமான் 7017ல வரும். அதுக்குள்ள மூணா பிரியும், குவார்ட்ஸ் ஒண்ணு, வெப்பத்துல ரொம்ப கொஞ்சமா விரியற கண்ணாடி ஒண்ணு, மத்தது ஒண்ணு. ரெண்டாவதுக்கு டாரிஃப்லயே கணக்கு இருக்கு, 0ல இருந்து 300 டிகிரிக்குள்ள ஒரு கெல்வினுக்கு 10 லட்சத்துல 5 பங்குக்கு மேல விரியக்கூடாது. போரோசிலிகேட் 3.3னு பீக்கர் மேல போட்டிருக்கே, அந்த 3.3 இந்த விரிவு கணக்குதான், அதனால அது ரெண்டாவது வகை. சோடா லைம் கண்ணாடியில செஞ்ச சாதாரண வயல் அதவிட நிறைய விரியும், அது மூணாவது வகை. பாக்க ரெண்டும் ஒரே மாதிரி கண்ணாடிதான்.

நான் வேலைக்கு சேர்ந்த புதுசுல இந்த ரெண்டையும் ஒரே லைன்ல லேபரட்டரி கிளாஸ்வேர்னு போட்டு ஒரே கோடுல ஃபைல் பண்ண விட்டுட்டேன், பொருள் எந்த நாட்டுதுன்னு சொல்ற சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின்ல வேற கோடு இருந்துச்சு, க்வெரி வந்து, எக்ஸாமினேஷன் வந்து, சிஎஃப்எஸ்ல (போர்ட்டுக்கு பக்கத்துல கன்டெய்னர் சரக்கு வெக்கற இடம்) பதினோரு நாள் சரக்கு நின்னுச்சு. சரக்கு நின்னதுக்கு வந்த டெமரேஜ் பில்லைவிட எனக்கு கஷ்டமா இருந்தது என்னன்னா அந்த சரக்குக்கு காத்துக்கிட்டிருந்தது ஒரு காலேஜ் லேப், பசங்களோட ப்ராக்டிகல் தள்ளிப்போச்சு. அன்னையில இருந்து கேட்டலாக் பக்கத்த தொறக்காம நான் எந்த கோடும் போடறது இல்ல.

இன்னொண்ணு, தராசு. சென்சிடிவிட்டி 5 சென்டிகிராம், அதாவது 50 மில்லிகிராம், அல்லது அதவிட நுணுக்கமா இருந்தா 9016, இல்லன்னா 8423. நாலு டெசிமல் அனலிட்டிகல் பேலன்ஸ் 9016க்கு போகும், 0.1 கிராம் காட்டற பேலன்ஸ் 8423க்கு போகும், ஒரே பிராண்டு ஒரே டப்பா டிசைன்தான். எப்படி இருந்தாலும் எடை, அளவு சாமான் இறக்கறவங்க 2009 லீகல் மெட்ராலஜி சட்டப்படி தனியா பதிவும் பண்ணியிருக்கணும், மாடல் அப்ரூவலும் பாக்கணும்.

கெமிக்கல் பக்கம் 9802 கட்டாயம் தெரிஞ்சிருக்கணும். லேபரட்டரி கெமிக்கல்ஸ்னு தனி ஹெட்டிங், 500 கிராம் அல்லது 500 மில்லிக்கு மேல போகாத பேக்கிங், லேப் யூஸுக்கு மட்டும்தான்னு லேபிள்லயோ ப்யூரிட்டியிலயோ அடையாளம் தெரியணும். நாம விக்கற 2.5 லிட்டர் சால்வென்ட் பாட்டில் இதுல வராது, அது அதோட சொந்த சாப்டருக்கு போயிடும். 2024 ஜூலை பட்ஜெட்ல இந்த 9802க்கு டியூட்டிய 10 சதவீதத்துல இருந்து ஒரேயடியா 150 ஆக்கிட்டாங்க, லேப் கெமிக்கல் பேர்ல எத்தில் ஆல்கஹால் உள்ள வருதுங்கறது காரணம். ஆராய்ச்சி பண்றவங்க எல்லாம் பதறிப்போனாங்க, கொஞ்ச நாள்லயே நிபந்தனையோட பழைய 10க்கு கொண்டு வந்தாங்க. அந்த நிபந்தனை யார், எதுக்காக இறக்கறாங்கங்கறத வெச்சு எழுதினது, வாங்கி விக்கற நமக்கும் சொந்த லேப் வெச்சிருக்கறவங்களுக்கும் ஒரே மாதிரி இருக்கும்னு நினைச்சுக்கக் கூடாது. நோட்டிஃபிகேஷனை வாட்ஸ்அப் சுருக்கத்துல படிக்காம ஒரிஜினலா வரி விடாம படிங்க.

எந்த கோடுன்னு முடிவு வரலைன்னா சப்ளையர்கிட்ட டேட்டா ஷீட் கேளுங்க, ஆறு பொது விளக்க விதிகள வரிசையா போட்டு பாருங்க, முடிவையும் காரணத்தையும் ஒரு பக்கத்துல எழுதி வைங்க. பெரிய வேல்யூ, தொடர்ந்து வரப்போற பொருள்னா அட்வான்ஸ் ரூலிங், அதாவது எந்த கோடுன்னு முன்கூட்டியே தீர்ப்பு, கேக்கலாம், டெல்லியிலயும் மும்பையிலயும் 2021ல இருந்து அதுக்கான அதாரிட்டி இருக்கு.

படி 3: கோடு தெரிஞ்சா போதாது, உள்ள விடுவாங்களான்னு பாருங்க

கோடு எதிர்ல ஃப்ரீன்னு இருந்தாலும் வேற சட்டம் குறுக்க வரும். டயக்னாஸ்டிக் கிட்டா இருந்தா 2017 மெடிக்கல் டிவைசஸ் ரூல்ஸ்படி எம்டி 15 இம்போர்ட் லைசென்ஸ் கேப்பாங்க. ரிசர்ச் யூஸ் ஒன்லின்னு லேபிள்ல போட்டுட்டு ஹாஸ்பிட்டல் லேபுக்கு விக்கறது நடக்குது, அது பேஷண்ட் ரிசல்ட் சம்பந்தப்பட்டது, அந்த வழிக்கு போகவே போகாதீங்க. பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) க்வாலிட்டி கண்ட்ரோல் ஆர்டர் ஒவ்வொரு வருஷமும் புது பொருளை சேக்குது, அத மாசத்துக்கு ஒரு தடவை நம்ம ஐட்டம் லிஸ்டோட ஒப்பிட்டு பாக்கணும். ரீடெய்ல் பாக்கெட்டா விக்கறதுக்கு எம்ஆர்பி, இறக்குமதியாளர் பேரு அட்ரஸ், தயாரான நாடு எல்லாம் 2011 பேக்கேஜ்டு கமாடிட்டீஸ் ரூல்ஸ்படி லேபிள்ல வேணும், இத சப்ளையர்கிட்ட மொதல்லயே சொல்லி அங்கயே ஒட்டி அனுப்ப சொல்றதுதான் செலவு கம்மி.

படி 4: ஆர்டர் போடும்போதே வேல்யூவ யோசிங்க

டியூட்டி எதுக்கு மேல கட்டறோம்? கொடுத்த விலை, அதோட ஃப்ரெயிட், இன்சூரன்ஸ் சேர்த்து வர்ற மதிப்புக்கு மேல. 100 ரூபா மதிப்புக்கு பேசிக் டியூட்டி 10 சதவீதம்னு வெச்சுக்கோங்க, 10 ரூபா, அந்த 10 ரூபாவுல 10 சதவீதம் சோஷியல் வெல்ஃபேர் சர்சார்ஜ் 1 ரூபா, ஆக 111 ரூபாவுக்கு மேல ஐஜிஎஸ்டி 18 போட்டா 19.98, மொத்தம் 30.98. ஐஜிஎஸ்டி க்ரெடிட்டா திரும்ப வந்துடும், பேசிக் டியூட்டியும் சர்சார்ஜும் நம்ம காஸ்ட்ல உக்காந்துடும், சேல்ஸ் டீம் கொட்டேஷன் போடும்போது இத கேக்காம போட்டா மார்ஜின் போயிடும்.

ஃப்ரெயிட் எவ்வளவுன்னு தெரியலைன்னா எஃப்ஓபி விலையில (கப்பல்ல ஏத்தற வரைக்கும் ஆகற விலை) 20 சதவீதம்னு எடுத்துப்பாங்க, இன்சூரன்ஸ் தெரியலைன்னா 1.125 சதவீதம். ஏர்ல வர்றதுக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கு, நிஜ ஃப்ரெயிட் எவ்வளவு ஆனாலும் எஃப்ஓபியில 20 சதவீதத்துக்கு மேல மதிப்புல சேக்கக் கூடாது. ஒரு லட்சம் ரூபா பொருளுக்கு ஏர் ஃப்ரெயிட் 45,000 ஆச்சுன்னா சேக்க வேண்டியது 20,000தான், இன்சூரன்ஸ் 1,125 சேர்த்து 1,21,125. சிஎச்ஏ (நமக்காக கஸ்டம்ஸ்ல ஃபைல் பண்ற ஏஜென்ட்) செக்லிஸ்ட்ல 45,000 முழுசா சேர்த்து வந்திருக்கறத நான் பல தடவை பாத்து திருத்தியிருக்கேன்.

ஃப்ரீ சாம்பிள், வாரண்டி ரீப்ளேஸ்மென்ட், இதுக்கெல்லாம் இன்வாய்ஸ்ல ஒரு டாலர்னு போட்டு சப்ளையர் அனுப்புவாங்க, நல்லது பண்றதா நினைச்சு. காசு கொடுக்கலைன்னாலும் பொருளுக்கு மதிப்பு உண்டு, சரியான மதிப்ப போட்டு சுங்கத்துக்கு மட்டும்னு எழுதித்தான் அனுப்பணும். சப்ளையர் நம்ம கம்பெனியில பங்கு வெச்சிருக்கற உறவுக் கம்பெனியா இருந்தாலோ, ராயல்டி கொடுத்தாலோ, வருஷக் கடைசியில விலைய மேல கீழ அட்ஜஸ்ட் பண்ணாலோ, அக்கவுண்ட்ஸ்காரங்க உங்களுக்கு சொல்லியே ஆகணும், கஸ்டம்ஸோட ஸ்பெஷல் வேல்யுவேஷன் ப்ராஞ்ச் வரைக்கும் போகற விஷயம் அது.

படி 5: எஃப்டிஏ (சுதந்திர வர்த்தக ஒப்பந்தம்) சலுகை, பேப்பர் மட்டும் போதாது

மலேசியாவுல இருந்து நைட்ரைல் க்ளவுஸ் ஆசியான் ஒப்பந்தத்துல சலுகை டியூட்டியில வருதுன்னா, கையில சர்டிஃபிகேட் இருக்கு, வேலை முடிஞ்சுதுன்னு ஒரு காலத்துல இருந்தோம். 2020 செப்டம்பர் 21ல இருந்து கரோட்டார் விதிகள் வந்தாச்சு, பொருள் எப்படி அந்த நாட்டு பொருள் ஆச்சுங்கற விவரம் இறக்குமதியாளர் கையிலயே இருக்கணும், ஃபார்ம் 1ல எழுதி வெச்சிருக்கணும், கேட்டா குடுக்கணும், அஞ்சு வருஷம் வெச்சிருக்கணும். ஆசியான்ல பொதுவா 35 சதவீத மதிப்பு அந்த வட்டாரத்துல சேர்ந்திருக்கணும், அதோட எச்எஸ் சப்ஹெடிங் மாறியிருக்கணும். சப்ளையர் காஸ்டிங் சொல்ல மாட்டாங்க, நியாயம்தான். ஆனா மூலப்பொருள் என்ன, எங்கிருந்து வருது, எந்த ப்ராசஸ் அங்க நடக்குதுங்கறதயாவது எழுதி வாங்குங்க. அதுக்கும் பதில் வரலைன்னா சலுகைய எடுக்காம முழு டியூட்டி கட்டிடுங்கன்னுதான் நான் சொல்வேன், சேல்ஸ் மேனேஜர் கோவப்பட்டாலும் பரவாயில்ல.

படி 6: ஃபைலிங்

கடல் வழி சரக்குன்னா கப்பல் வர்ற நாளுக்கு முந்தின நாள் முடியறதுக்குள்ள பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதி டிக்ளரேஷன், போட்டுடணும் (பக்கத்து நாட்டுல இருந்து வர்றதுக்கு கொஞ்சம் தளர்வு உண்டு), தவறினா மொதல் மூணு நாளைக்கு நாளுக்கு 5,000, அதுக்கப்புறம் நாளுக்கு 10,000 ரூபா லேட் ஃபீ. அதனால இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஆரிஜின் எல்லாம் ட்ராஃப்டா இருக்கும்போதே வாங்கி பாருங்க, ஒரிஜினல் வந்தப்புறம் தப்பு கண்டுபிடிச்சா நேரம் இருக்காது.

ஃபேஸ்லெஸ் அசெஸ்மென்ட் 2020 ஜூன் 8ல பெங்களூருலயும் சென்னையிலயும்தான் மொதல்ல ஆரம்பிச்சாங்க, அதுவும் 84, 85 சாப்டருக்கு, நம்ம பம்பு சென்ட்ரிஃப்யூஜ் எல்லாம் அதுலதான். அப்போ இருந்து நம்ம பில்லை பாக்கற ஆஃபீசர் வேற ஊர்ல இருப்பார், முன்ன மாதிரி ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸுக்கு கேட்டலாக்கை தூக்கிட்டு போயி விளக்க முடியாது. அவருக்கு தெரிஞ்சது நீங்க எழுதின டிஸ்கிரிப்ஷனும் ஈ-சஞ்சித்ல (பேப்பரை ஆன்லைன்ல ஏத்தற கஸ்டம்ஸ் சிஸ்டம்) ஏத்தின பேப்பரும் மட்டும்தான். பம்ப்னு எழுதினா க்வெரி வரும். வேக்யூம் பம்ப், டயஃப்ரம் டைப், லேப் யூஸ், மாடல் நம்பர், வெட்டட் பார்ட்ஸ் (உள்ள ஓடற கெமிக்கல் தொடற பாகம்) என்ன மெட்டீரியல், இப்படி எழுதி கேட்டலாக் பக்கத்தையும் ஏத்தினா பெரும்பாலும் சத்தமில்லாம போயிடும். சிஎச்ஏ அனுப்பற செக்லிஸ்ட்டை ஓகேன்னு ஒரு வார்த்தையில அனுப்பாதீங்க, கோடு, மதிப்பு, நோட்டிஃபிகேஷன் நம்பர், அளவு, யூனிட், நாடு, ஆறையும் விரல் வெச்சு பாருங்க. சிஎச்ஏ நல்லவரா இருந்தாலும் கணக்கு கேட்டு நோட்டீஸ் வர்றது நமக்குத்தான்.

படி 7: ஏற்றுமதி, எனக்கு தூக்கம் வராம பண்றது இதுதான்

இறக்குமதியில தப்பு நடந்தா பணம் போகும். ஏற்றுமதியில தப்பு நடந்தா நாம அனுப்பின பொருள் யாரையோ கொல்ற இடத்துக்கு போயிடலாம், அத மனசுல வெச்சுத்தான் இந்த படிய படிக்கணும்.

இந்தியாவுல சாதாரண யூஸ், ஆயுத யூஸ்னு ரெண்டு வித யூஸ் இருக்கற பொருள் எல்லாம் ஸ்கோமெட் லிஸ்ட்ல இருக்கு, கெமிக்கல், கிருமி, மெட்டீரியல், மெஷின், டெக்னாலஜி, எல்லாம் வகை வகையா. இந்தியா 2016ல ஏவுகணை தொழில்நுட்ப குழுவுலயும், 2017ல வாஸனார்லயும் (ஆயுதம், ரெண்டு வித யூஸ் பொருள் ஏற்றுமதிய கட்டுப்படுத்தற நாடுகளோட குழு), 2018ல ஆஸ்திரேலியா க்ரூப்லயும் (கெமிக்கல், கிருமி ஆயுதத்த தடுக்கற குழு) சேர்ந்துச்சு, அதுக்கு ஏத்த மாதிரி இந்த லிஸ்ட் பெருசாகிக்கிட்டே வருது. லேப் சப்ளைஸ்காரங்களுக்கு எங்க இடிக்கும்னா ட்ரைஎத்தனால்அமைன் மாதிரி பொருள்ல, க்ரீம்லயும் இருக்கு, சிமென்ட் அரைக்கறதுலயும் இருக்கு, அதே சமயம் கெமிக்கல் ஆயுத ஒப்பந்தத்தோட மூணாவது ஷெட்யூல்லயும் இருக்கு. பம்பு, வால்வுல உள்ள தொடற பாகம் ஃப்ளூரோபாலிமர், டான்டலம், நிக்கல் குரோமியம் அதிகமா உள்ள அலாய்னு இருந்தா, சைஸையும் ஓட்ட அளவையும் வெச்சு லிஸ்ட்ல வரலாம். அதனால டேட்டா ஷீட்ட ஸ்கோமெட் வரிகளோட வெச்சு ஒவ்வொரு அளவா ஒப்பிட்டு, வரும் அல்லது வராது, ஏன்னு எழுதி ஐட்டம் மாஸ்டர்ல போடுங்க. வரும்னா டிஜிஎஃப்டி அனுமதி, எண்ட் யூசர் சர்டிஃபிகேட், அமைச்சகங்களுக்கு இடையிலான குழு பாக்கற நேரம், எல்லாம் சேர்த்துத்தான் கஸ்டமருக்கு டெலிவரி தேதி சொல்லணும். லிஸ்ட்ல இல்லாத பொருளா இருந்தாலும் பேரழிவு ஆயுதத்துக்கு போகுதுன்னு தெரிஞ்சா அனுப்பக் கூடாது, 2005 சட்டம் அத தெளிவா சொல்லுது.

போதைப்பொருள் பக்கமும் இருக்கு. அசிட்டிக் அன்ஹைட்ரைட் எந்த லேப் கேட்டலாக்லயும் கிடைக்கும், ஆனா ஹெராயின் செய்ய அதுதான் வேணும், பொட்டாசியம் பர்மாங்கனேட் கொக்கைன் சுத்தம் பண்ண போகுது. இதையெல்லாம் வெளிய அனுப்ப குவாலியர்ல இருக்கற சென்ட்ரல் பீரோ ஆஃப் நார்காட்டிக்ஸ்கிட்ட என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கற சான்று) வாங்கணும், ஒரு பாட்டில்தானேன்னு மத்த ஐட்டத்தோட சேர்த்து பேக் பண்ணிடக் கூடாது.

அடுத்தது அமெரிக்க பொருள். அமெரிக்காவுல செஞ்ச பொருளை நாம இந்தியாவுல ஸ்டாக் வெச்சு நைரோபிக்கு வித்தாலும் அமெரிக்க எக்ஸ்போர்ட் ரூல் அந்த பொருளோடவே ஒட்டிக்கிட்டு வரும். சப்ளையர்கிட்ட அதோட கண்ட்ரோல் நம்பர் கேளுங்க, இஏஆர்99னு (அமெரிக்க கண்ட்ரோல் லிஸ்ட்ல தனியா பேர் சொல்லாத பொருள்) வந்தா பெரும்பாலும் லைசென்ஸ் வேணாம், ஆனா யாருக்கு, எந்த நாட்டுக்கு, எதுக்குங்கற கேள்வி அப்பவும் இருக்கு. டிஸ்ட்ரிபியூட்டர் அக்ரிமெண்ட்லயே இது எழுதியிருக்கும், மீறினா ஏஜென்சியே போயிடும்.

ஸ்க்ரீனிங் பண்ணும்போது வாங்கறவங்க பேரை மட்டும் பாத்தா பத்தாது. கடைசியா யூஸ் பண்றவங்க, ஃபார்வர்டர், பேங்க், முதலாளிங்க, அட்ரஸ், எல்லாத்தையும் ஐநா தடை லிஸ்ட்லயும், அமெரிக்காவோட கன்சாலிடேட்டட் லிஸ்ட்லயும் போட்டு பாருங்க. தடை செஞ்சவங்க 50 சதவீதமோ அதுக்கு மேலயோ வெச்சிருக்கற கம்பெனிய பேர் லிஸ்ட்ல இல்லன்னாலும் தடை செஞ்சதாத்தான் அமெரிக்க பொருளாதாரத் தடை ஆஃபீஸான ஓஎஃப்ஏசி எடுத்துக்கும். பேர் ஸ்பெல்லிங் மாறி வரும், முகமதுங்கற ஒரு பேரை எத்தனை விதமா எழுதலாம்னு யோசிச்சு பாருங்க, அப்போ பேர் ஒத்துப்போச்சுன்னு ஒரு அப்பாவிய தள்ளி விடறதும் தப்பு, பிறந்த தேதி, ஊர், பாஸ்போர்ட் வெச்சு தெளிவு பண்ணணும்.

ஒரு தடவை புது ட்ரேடர் ஒருத்தர்கிட்ட இருந்து பிடிஎஃப்இ (மேல சொன்ன ஃப்ளூரோபாலிமர்ல ஒண்ணு) பம்பு ஆறு வேணும்னு மெயில் வந்துச்சு, முழு அட்வான்ஸ் தரேன், இன்ஸ்டாலேஷன் வேணாம், ஸ்பேர் வேணாம், வாரண்டி வேணாம்னார். சேல்ஸ்ல இருந்த அண்ணனுக்கு ரொம்ப சந்தோஷம். எந்த லேப், என்ன கெமிக்கல் ஓட்டப்போறீங்கன்னு நான் கேட்டு ஒரு ஃபார்ம் அனுப்பினேன், பதில் வரலை, மூணு தடவை ஞாபகப்படுத்தியும் வரலை, அப்படியே விட்டுட்டோம். அது என்னவா இருந்ததுன்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது. ஆனா அந்த ஃபார்ம் இல்லாம அனுப்பியிருந்தா நிம்மதியா இருந்திருக்க மாட்டேன். நிஜமா லேப் நடத்தறவங்க வாரண்டிய வேணாம்னு சொன்னத நான் பாத்ததே இல்ல.

படி 8: ரிப்பேருக்கு போயிட்டு வர்ற மெஷின்

சின்ன விஷயம், ஆனா நிறைய பேர் மாட்டிக்கறாங்க. ஜெர்மனிக்கு ரிப்பேருக்கு அனுப்பற மெஷினோட சீரியல் நம்பர் ஷிப்பிங் பில்லுல (ஏற்றுமதி டிக்ளரேஷன்) இருந்தே ஆகணும். 45/2017 நோட்டிஃபிகேஷன்படி திரும்பி வரும்போது ரிப்பேர் செலவு, போக வர ஃப்ரெயிட், இன்சூரன்ஸ், இதுக்கு மட்டும் டியூட்டி கட்டினா போதும், ஆனா போனதும் வந்ததும் ஒரே மெஷின்தான்னு நிரூபிக்க அந்த நம்பர்தான் சாட்சி. சப்ளையர் ரிப்பேர் பண்ணாம வேற மெஷின் மாத்தி அனுப்பிட்டா இந்த சலுகை கிடைக்காது, முன்னாடியே கேட்டுக்கோங்க.

படி 9: பேங்க்ல முடிச்சு, ஃபைல் மூடுங்க

சரக்கு வந்துடுச்சுன்னு விட்டுட்டா ஐடிபிஎம்எஸ்ல (இறக்குமதி பேமெண்ட்ட கண்காணிக்கற ரிசர்வ் பேங்க் சிஸ்டம்) அந்த பில் ஆஃப் என்ட்ரி பேமெண்ட்டோட இணையாம தொங்கிக்கிட்டே இருக்கும், ஏற்றுமதிக்கு அதே மாதிரி இருக்கற இடிபிஎம்எஸ்ல ஷிப்பிங் பில் தொங்கும். வருஷக்கணக்குல சேர்ந்தா பேங்க் அடுத்த பேமெண்ட்ட நிறுத்தும். மாசக்கடைசியில அக்கவுண்ட்ஸ்ல ஒரு ஆளை உக்கார வெச்சு ரெண்டு லிஸ்ட்டையும் ஒண்ணா முடிங்க. ஃபைல்ல ஆர்டர்ல இருந்து பேங்க் க்ளோஷர் வரைக்கும் எல்லாம் ஒரே ஃபோல்டர்ல, பில் ஆஃப் என்ட்ரி நம்பர் பேர்ல, குறைஞ்சது அஞ்சு வருஷம். சப்ளையர் மெயில், கோடு ஏன் இதுன்னு எழுதின குறிப்பு, ஸ்க்ரீனிங் பண்ண அன்னைக்கு எடுத்த ஸ்க்ரீன்ஷாட், இதெல்லாம் சேர்த்துத்தான் ஃபைல். வேலைய விட்டுப் போனவரோட மெயில்பாக்ஸ்ல இருந்தா அது இல்லாததுக்கு சமம்.

படி 10: தப்பு தெரிஞ்சா

ரெண்டு வருஷமா ஒரு கோடு தப்பா போயிருக்குன்னு உங்க கண்ணுல படும், கண்டிப்பா ஒரு நாள் படும். அப்போ மறைக்காதீங்க, மேனேஜிங் டைரக்டர்கிட்ட அன்னைக்கே சொல்லுங்க, எத்தனை பில், எவ்வளவு டியூட்டி வித்தியாசம்னு ஒரு ஷீட்ல போடுங்க. நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடி நாமளே டியூட்டியும் வட்டியும் கட்டி எழுதிக் கொடுத்தா, வேணும்னே பண்ணாத கேஸ்ல பெனால்டி இல்லாம முடிய கஸ்டம்ஸ் சட்டம் 28ம் பிரிவுல வழி இருக்கு. சாதாரண தப்புக்கு ரெண்டு வருஷம் பின்னாடி வரைக்கும்தான் கேப்பாங்க, மறைச்சதா முடிவாச்சுன்னா அது அஞ்சு வருஷம் ஆயிடும், பெனால்டி டியூட்டி அளவுக்கே வரலாம். தெரிஞ்சும் அடுத்த பில்லையும் அதே கோடுல போட்டீங்கன்னா அது தெரியாம பண்ண தப்பு இல்ல, மறைச்சதாத்தான் எடுத்துப்பாங்க.

புதுசா சேர்ந்தவங்க மொதல் வாரத்துல செய்ய வேண்டியது ஒண்ணு சொல்றேன். போன வருஷ பில் ஆஃப் என்ட்ரி எல்லாத்தையும் ஐஸ்கேட்ல இருந்து எடுங்க, மதிப்பு அதிகமா உள்ள 50 ஐட்டத்தை பிரிங்க, அதுல ஒரே ஐட்டம் ரெண்டு கோடுல போயிருக்கான்னு மொதல்ல தேடுங்க. ஒவ்வொண்ணுக்கும் கேட்டலாக்க தொறந்து, குடோனுக்கு போயி பொருளை கையில எடுத்து லேபிளை படிங்க. குடோன் அண்ணன்கிட்ட இது எதுக்கு, யாருக்கு போகுதுன்னு கேளுங்க, நமக்கு தெரியாத பாதி விஷயம் அவருக்கு தெரிஞ்சிருக்கும்.